ஊடுதெரியும் திரையும் தமிழ்ப் புள்ளியும்: கொழும்புத் தட்டச்சுக் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினிக்கு முன்னால் இருந்து ஊர்ச் சனத்துக்கெல்லாம் எழுத்து வேலை செய்து கொடுக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

காலி வீதியிலும் அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் போட்டோக்கொப்பி, டைப்செட்டிங், மொழிபெயர்ப்பு என்று பலகை தொங்கும் கடைகளில் இருக்கிறவர்களுக்கும், ஜம்பட்டா வீதியையும் ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையையும் சுற்றியிருக்கும் சின்ன அச்சகங்களில் பக்கம் கட்டுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குப் பக்கத்தில் இருந்து பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்கிறவர்களும் இதில் அடக்கம். விஷயம் சின்னது. உங்கள் திரைகளில் மிதக்கிற ஊடுதெரியும் குறிப்புகளையும் சாளரங்களையும் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்களைவிட முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. மேசையில் ஒரு லெப்டொப், அதற்கு ஒரே திரை. வந்தவர் தன் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் பண்ணத் தருகிறார். கடவுச்சீட்டில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதை அவருடைய மகள் லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். ஸ்கேன் ஒரு சாளரம், வட்ஸ்அப் இன்னொன்று, வேர்ட் மற்றொன்று. ஒவ்வொரு எழுத்துக்கும் சாளரம் மாறி மாறிப் போய்வந்தால் கண்ணுக்கும் விரலுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதனால் பெயரையும் இலக்கங்களையும் ஒரு குறிப்பில் வெட்டி ஒட்டி, அதைப் பாதி ஊடுதெரியும்படி ஆக்கி, வேர்டுக்கு மேலேயே மிதக்க விடுகிறீர்கள். கீழே அடிப்பதும் தெரிகிறது, மேலே பார்த்து அடிக்க வேண்டியதும் தெரிகிறது.

அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவு மலர் என்றால் இன்னும் மோசம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று டொரொன்டோ, பாரிஸ், சூரிச், மெல்பேர்ன் எல்லா இடத்திலிருந்தும் பெயர்கள் துண்டு துண்டாக வந்து விழும். முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் இரவு வரைக்கும் திருத்தம் வரும். மலரில் ஒரு மருமகன் பெயர் பிழைத்தால் அந்தக் குடும்பம் அதைப் பரம்பரைக்கும் மறக்காது. இந்த நெருக்கடியில் ஊடுதெரியும் குறிப்பு ஒரு வரம் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

உங்களுக்கு முந்திய தலைமுறைக்கு இது புதிதும் இல்லை. ஒப்செட் அச்சகங்களில் லேசர் பிரிண்டரில் ட்ரேஸிங் கடதாசியில் எடுத்த தமிழ்ப் பக்கங்களைக் கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வரிக்கு வரி பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் பிளேட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மேசையில் அவர்கள் பார்த்தது விளிம்பு, நிறம் விழும் இடம், படம் நிற்கும் இடம். அங்கே வைத்து யாரும் புரூப் படிக்கவில்லை. படிக்க வேண்டுமென்றால் ட்ரேஸிங்கை எடுத்து அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைப்பார்கள். நான் சொல்ல வந்த முழுக் கதையும் அந்த வெள்ளைத் தாளுக்குள் இருக்கிறது.

கணினித் திரைக்கு இந்த வசதி வந்தது கொஞ்சம் பிந்தித்தான். ஒரு காலத்தில் மேலே இருக்கும் சாளரம் கீழே இருப்பதை மறைத்தால், மறைந்த பகுதி கணினியின் நினைவில் எங்கேயும் இருக்காது. மேலே இருப்பதை நகர்த்தியவுடன், உன் பகுதியைத் திரும்ப வரைந்துகொள் என்று கீழே இருக்கும் நிரலிடம் விண்டோஸ் சொல்லும். அந்த நிரல் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் வரையாது. எக்ஸ்பி காலத்தில் ஒரு சாளரத்தைப் பிடித்து இழுக்க, அதன் தடம் சீட்டுக்கட்டை விசிறினது போலத் திரையெல்லாம் படிந்து நின்றதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பதே கையில் இல்லாதபோது அதை எப்படி ஊடாகக் காட்டுவது?

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 அதற்கு ஒரு வழி செய்தது. ஒரு சாளரத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் அளவு கொடுக்கலாம். 0 என்றால் சாளரம் கண்ணுக்கே தெரியாது. 255 என்றால் முழுத் தடிப்பு. இன்றைக்கு நீங்கள் பாவிக்கிற குறிப்பு மென்பொருள்களில் இருக்கும் இழுவைப் பட்டையும், ஓட்டோஹொட்கீ என்ற கருவியில் யாரோ எழுதித் தந்த ஒற்றை வரி நிரலும், அடியில் அந்த 255 கணக்கைத்தான் தொடுகின்றன. இதே விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு யுனிகோட் தமிழும் விண்டோஸுக்குள் நுழைந்தது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன. ஒன்றுக்கு மற்றது ஒத்துவருமா என்று அப்போது யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

2001 மார்ச்சில் அப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் ஊடுதெரியும் மெனுக்களோடு வந்தது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது சாளரங்களின் விளிம்பெல்லாம் கண்ணாடி. விஸ்டாவில் ஒவ்வொரு சாளரமும் தன் படத்தை நினைவகத்தில் தனித்தனித் தாளில் வரைந்து வைக்கும். எல்லாத் தாள்களையும் அடுக்கித் திரையில் காட்டுவது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. கீழே இருப்பது எப்போதும் கையில் இருக்கிறது என்பதால் ஊடாகக் காட்டுவதும் எளிதாகிவிட்டது. பழைய மெஷின்கள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை என்பது வேறு கதை. விஸ்டா ஓடும் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பல கணினிகளில் அந்தக் கண்ணாடி ஓடவில்லை, அதற்காக அமெரிக்காவில் மைக்ரோசொப்டின் மேல் வழக்கே போட்டார்கள்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது விஸ்டாவின் இன்னொரு சின்ன விஷயத்தை. கண்ணாடி விளிம்பின் ஊடாகக் கீழே இருப்பது தெளிவாகத் தெரியாது. வேண்டுமென்றே கலங்கலாக்கியிருந்தார்கள். அதற்கு மேல் சாளரத்தின் தலைப்பு எழுத்துக்குப் பின்னால் வெள்ளைப் புகைபோல ஓர் ஒளியும் வைத்தார்கள். கண்ணாடி செய்தவர்களுக்கே கண்ணாடிமேல் எழுத்து நிற்காது என்பது தெரிந்திருந்தது. 2012இல் விண்டோஸ் 8 அந்தக் கண்ணாடியைக் கழற்றியது. 2017இல் அக்ரிலிக் என்ற பெயரில் திரும்பி வந்தபோது, வேறு சாளரத்துக்குப் போனால் அது தானாகவே கெட்டி நிறமாக மாறிவிடும்படி செய்தார்கள். 2021இல் விண்டோஸ் 11இன் மைக்கா கீழே இருக்கும் சாளரத்தைக் காட்டுவதையே விட்டுவிட்டு, டெஸ்க்டொப் படத்தின் நிறத்தை மட்டும் கொஞ்சம் எடுத்துப் பூசிக்கொள்கிறது. அப்பிள் 2025இல் லிக்விட் கிளாஸ் என்று ஐபோனிலும் மேக்கிலும் முழுக்கக் கண்ணாடியாக்கி, வாசிக்க முடியவில்லை என்ற முறைப்பாடு குவிந்ததும், அந்த வருஷ முடிவுக்குள் 26.1 பதிப்பில் கண்ணாடியைக் கொஞ்சம் கெட்டியாக்கும் தெரிவைக் கொடுத்தது. கண்ணாடியைப் போட்டு, கலங்கலாக்கி, கெட்டியாக்கி, கழற்றி, திரும்பவும் போடுவதே இந்தக் கம்பனிகளின் இருபத்தைந்து வருஷ வேலை. அவர்களுக்கு அழகு விற்கிறது. நீங்கள் விற்பது எழுத்து.

இதைப் பற்றி முதலில் ஒழுங்காக ஆராய்ந்த ஊர்களில் ஒன்று, எங்கள் சனம் நிறையப் போய்க் குடியேறிய டொரொன்டோ. பெவர்லி ஹரிசன், ஹிரோஷி இஷி, கிம் விசென்ட், பில் பக்ஸ்டன் ஆகியோர் 1995இல் ஊடுதெரியும் அடுக்குகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படம் வரையும் மென்பொருளில் கருவிப் பலகை படத்தையே மறைத்துவிடுகிறது, பலகையை ஊடுதெரிய வைத்தால் என்ன என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. ஒன்றில் மட்டும் கவனம் வைக்க வேண்டிய நேரமும் இருக்கிறது, இரண்டிலும் கவனத்தைப் பிரித்து வைக்க வேண்டிய நேரமும் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே அளவு ஊடுதெரிதல் சரிவராது என்ற இடத்திலிருந்து அவர்கள் யோசித்தார்கள். கவனியுங்கள், அவர்கள் படத்துக்கு மேலே கருவியை வைத்தார்கள். நீங்கள் எழுத்துக்கு மேலே எழுத்தை வைக்கிறீர்கள். அதுவும் அதே கறுப்பு, அதே வெள்ளை, கிட்டத்தட்ட அதே அளவு, அதே தமிழ்.

இனி ஒரு சின்னக் கணக்கு. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. வெளிச்ச வேறுபாடு 21க்கு 1. திரையில் அதற்கு மேல் கிடையாது. சாதாரண எழுத்தைச் சிரமமின்றி வாசிக்க ஆகக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்று உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டிகள் சொல்கின்றன. ஒரு வெள்ளைக் குறிப்பில் கறுப்பில் பெயரை எழுதி, அதைச் சரிபாதி ஊடுதெரிய வைத்து, வெறும் வெள்ளைப் பக்கத்தின் மேல் போடுங்கள். கறுப்பு எழுத்து நடுச் சாம்பலாகிவிடும். வேறுபாடு 4க்கு 1ஐவிடக் கொஞ்சம் குறைவு. கீழே ஒரு எழுத்துமே இல்லாதபோதே தேறவில்லை.

இப்போது கீழே வேர்ட் பக்கம் இருக்கிறது, அதில் கறுப்பில் வரிகள் இருக்கின்றன என்று வையுங்கள். குறிப்பின் வெள்ளைப் பகுதியூடாக அந்த வரிகள் தெரியும். என்ன நிறத்தில்? பாதிக் கறுப்பு, பாதி வெள்ளை, அதே நடுச் சாம்பல். மேலே நீங்கள் எழுதிய பெயரும் கீழே அடித்திருக்கும் வரியும் ஒரு இம்மியும் பிசகாமல் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். எது எந்தத் தாளின் எழுத்து என்று சொல்ல நிறத்தில் ஒரு அடையாளமும் மிஞ்சாது. மஞ்சள் குறிப்பென்றால் ஒரு சாயல் வேறுபடும், அவ்வளவுதான். 50 வீதம் என்பது நடுவில் நிற்கிற நல்ல அளவு என்று நினைத்துத்தான் பலர் பட்டையை அங்கே விடுகிறார்கள். எழுத்தின்மேல் எழுத்து வைக்கிறபோது அதுதான் ஆகக் கெட்ட அளவு.

ஆங்கிலத்தில் இதனால் வரும் கேடு கொஞ்சம் குறைவு. ஆங்கிலத்தின் சின்ன ஐ எழுத்தில் தலைப்புள்ளி காணாமல் போனாலும் வாசிக்கிறவர் அதே சொல்லைத்தான் வாசிப்பார். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். இல்லாத புள்ளி வந்தால் உயிர்மெய் மெய்யாகிவிடும். கீழே வேர்டில் ஒரு வாக்கியம் முடிந்த முற்றுப்புள்ளி, மேலே குறிப்பில் இருக்கும் ஒரு ககரத்தின் தலைக்கு நேரே வந்து நின்றால், அது க் ஆகிவிட்டது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. எந்த அகர உயிர்மெய்யின் மேலும் புள்ளி வரலாம் என்பதுதானே எங்கள் முறை. விசிறியும் அப்படித்தான். ரஞ்சனியும் ரஞ்சினியும் இரண்டு வெவ்வேறு பெண்கள். அவர்களுக்கிடையில் இருப்பது ஒரு விசிறி, கீழ்த்தாளில் அந்த இடத்தில் ஒரு வளைவு இருந்தால் போதும். இலக்கங்களும் தப்புவதில்லை. 3க்கு இடப்பக்கம் மேலும் கீழும் வளைவு சேர்ந்தால் 8. 1க்குத் தலையில் ஒரு கோடு விழுந்தால் 7.

கடைக்கு வருகிறவருக்கு இதன் விலை என்ன? பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்து மாறினால், கடவுச்சீட்டுப் பெயரோடு அது ஒத்துவராது. பிறகு இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், வீசா விண்ணப்பம் நிற்கும், திகதி தவறும். அந்த மனிதர் திரும்பவும் பஸ் ஏறி உங்களிடமே வருவார், கோபத்தோடு.

பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பேஜ்மேக்கரும் பாமினியுமாக இன்னமும் மலர்கள் கட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, பழகின கை. ஆனால் பாமினி எழுத்தை அந்த எழுத்துரு இல்லாத ஒரு குறிப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பாமினியில் புள்ளிக்கு நீங்கள் அடிப்பது அரைப்புள்ளி விசை. ஆகவே குறிப்பில் மெய்யெழுத்துகளுக்குப் பின்னாலெல்லாம் அரைப்புள்ளிகள் நிற்கும். அதை ஊடுதெரியவும் வைத்துவிட்டால் கீழே இருக்கும் பாமினித் தமிழோடு கலந்து என்ன வருமோ அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். குறிப்பை யுனிகோடிலேயே வையுங்கள். மாற்றி எடுத்த பிறகு ஒருக்கா கண்ணால் சரி பாருங்கள்.

ஊடுதெரிதலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையில் அதை வெல்ல வேறொன்றுமில்லை. பழைய படிவம் ஒன்றை அப்படியே திரும்பக் கட்டச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஸ்கேனை அடியில் போட்டு, நீங்கள் கட்டுகிற பக்கத்தை மேலே ஊடுதெரிய வைத்தால், கட்டங்களும் கோடுகளும் பொருந்துகின்றனவா என்று ஒரு பார்வையில் தெரியும். போட்டோஷொப்பில் 1994இல் அடுக்குகள் வந்த நாளிலிருந்து வடிவமைக்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். கலியாண அட்டையில் பிள்ளையார் எங்கே நிற்க வேண்டும், பெயர்கள் எங்கே விழ வேண்டும் என்று ஒத்துப்பார்க்கவும் இது கைகொடுக்கும். ஓர் இடம் இன்னோர் இடத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்க்கிற வேலை எதுவானாலும் பாதிக்குப் பாதி வையுங்கள், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கிரிக்கெட் ஸ்கோரை மூலையில் ஊடுதெரிய விட்டு வேலை செய்கிற தம்பிமாரையும் நான் கண்டிக்கப் போவதில்லை. மட்ச் விறுவிறுப்பான நேரத்தில் மட்டும் சான்றிதழ் அடிக்காதீர்கள்.

எழுத்தை வாசித்து அடிக்க வேண்டுமென்றால் குறிப்பு கெட்டியாக இருக்கட்டும். இடம் காணாது என்பீர்கள். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு இடது அம்பை அழுத்தினால் ஒரு சாளரம் திரையின் இடப்பாதிக்குப் போகும், வலது அம்பில் மற்றது வலப்பாதிக்கு. விண்டோஸ் 7இலிருந்து இருக்கிற வசதி. ஸ்கேனை இடப்பக்கம் வைத்து அடிப்பதை வலப்பக்கம் வைத்தால் ஒரே திரை போதும். குறிப்பு மேலேயே நிற்க வேண்டுமென்றால், மைக்ரோசொப்டின் பவர்டோய்ஸ் இலவசம், அதில் விண்டோஸ், கொன்ட்ரோல், T மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்தச் சாளரமும் மேலே நிற்கும். வேர்டின் ஓரத்தில், எழுத்து விழாத வெள்ளைப் பகுதியில் அதை நிறுத்துங்கள். பழைய மொனிட்டர் ஒன்று மூலையில் கிடந்தால் தூசி தட்டி லெப்டொப்பில் கொளுவுங்கள், இந்தப் பிரச்சினையில் பாதி அதோடு தீரும்.

கட்டாயம் ஊடுதெரியத்தான் வேண்டுமென்றால் 80 வீதத்துக்குக் கீழே போகாதீர்கள், 255 கணக்கில் 204. அந்த அளவில் குறிப்பின் எழுத்துக்கு வேறுபாடு 12க்கு 1க்கும் மேல் நிற்கும். கீழ்வரி மங்கிய நிழலாக ஒதுங்கிவிடும், அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், வாசிக்கத் தூண்டாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு அதன் ஸ்டிக்கீஸில் ஊடுதெரியும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதைத் தட்டாமல் மேலே மிதக்கும் தெரிவை மட்டும் தட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மெனுவில்தான் இருக்கின்றன.

இன்னொன்று. சில குறிப்பு மென்பொருள்களில் கிளிக் ஊடாகப் போகும் வசதி இருக்கிறது, மேலே இருக்கும் குறிப்பைத் தொட்டால் அது கீழே இருக்கும் சாளரத்தில் படும். கேட்க நன்றாயிருக்கிறது. அடிக்கிற கைக்கு அது ஆபத்து. எந்தச் சாளரம் இப்போது எழுத்தை வாங்குகிறது என்பதை நாம் அதன் தடிப்பைப் பார்த்தும் தெரிந்துகொள்கிறோம். எல்லாமே கண்ணாடியானால் அந்த அடையாளம் போய்விடும். அந்த வசதி நின்றிருப்பது தெரியாமல், வேர்டில் அடிப்பதாக நினைத்துக் குறிப்பில் அடித்து, மூலப் பெயரையே மாற்றிவிட்டு, பிறகு அந்த மாற்றின பெயரைப் பார்த்து அடித்தால் யார் திருத்துவது? மூலம் குறிப்பில் இருக்கக்கூடாது, ஸ்கேனில் இருக்க வேண்டும். கடைசிச் சரிபார்ப்பு எப்போதும் ஸ்கேனோடுதான்.

இப்போது எனக்கு மிகவும் மனத்தாங்கலான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் திரையை நீங்கள் மட்டும் பார்ப்பதில்லை. மேசைக்கு முன்னால் இருக்கிறவர் எட்டிப் பார்க்கிறார், பின்னால் வரிசையில் நிற்கிறவர் உங்கள் தோளுக்கு மேலால் பார்க்கிறார். முன்பு ஒரு சாளரம் மற்றதை மறைத்தது. அது இடைஞ்சல் மட்டும் இல்லை, திரைச்சீலையும்தான். காலையில் வந்தவருடைய அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சீட்டு இலக்கமும் பின்னேரம் வந்தவரின் சான்றிதழுக்கு ஊடாகத் தெரிகிறது என்றால், திரைச்சீலையை நீங்களே கழற்றி வைத்திருக்கிறீர்கள்.

வெறும் இலக்கம்தானே என்று நினைக்காதீர்கள். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. அந்த இடத்தில் 572 என்று இருந்தால், மார்ச் 12இல் பிறந்த ஒரு பெண். 2016இலிருந்து வருகிற 12 இலக்க அட்டையில் வருஷம் நாலு இலக்கமாக விரிந்தது, நாள் கணக்கு அதேதான். பாதி ஊடுதெரியும் ஒரு குறிப்பை ஒருக்கா பார்த்தவனுக்கு உங்கள் வாடிக்கையாளரின் வயதும் பிறந்தநாளும் பால் வேறுபாடும் கிடைத்துவிட்டன.

அதிலும் எங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடையாள இலக்கம் ஒருநாளும் வெறும் இலக்கமாக இருந்ததில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்த தெருக்கள் இவை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுத் தடுத்தது. உங்களில் இளையவர்களுக்கு அது கேட்ட கதையாக இருக்கலாம். உங்கள் கடைக்கு வருகிற ஐம்பது, அறுபது வயதுக்காரர் தன் அடையாள அட்டையை நீட்டும்போது அது எங்கே போய் விழுகிறது என்று ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார் என்பதற்கு அதுதான் காரணம். இப்போது சட்டமும் இருக்கிறது, தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். சட்டத்துக்குப் பயந்துதான் செய்ய வேண்டுமென்றில்லை. வேலை முடிந்ததும் அந்த ஆளுடைய குறிப்பை அழித்துவிடுவது ஒரு மரியாதை.

ஸூமில் டியூஷன் எடுக்கிற ஆசிரியர்களும் இதை வாசித்தால், ஒரு வரி: முழுத் திரையையும் பகிர்ந்தால், ஸ்லைடுக்கு மேலே மிதக்கிற உங்கள் குறிப்பும் பிள்ளைகளின் திரைக்குப் போகும். விடைகள் எழுதிவைத்த குறிப்பென்றால் பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். ஸ்லைடின் சாளரத்தை மட்டும் பகிருங்கள்.

யூனிட்டி பிளாசாவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய லெப்டொப் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. விண்டோஸின் சொந்தக் கண்ணாடி வேலையை நிறுத்த, விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் பெர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ், அங்கே ட்ரான்ஸ்பரன்ஸி எஃபெக்ட்ஸை நிறுத்துங்கள். விண்டோஸ் 11இல் அக்ஸசிபிலிட்டியிலும் அதே ஆளி இருக்கிறது. மெஷின் பறக்கப் போவதில்லை, பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு சின்னப் பாரம் குறையும், டாஸ்க்பாரில் எழுத்தும் துலங்கும். ஆனால் இந்த ஆளி உங்கள் குறிப்பு மென்பொருளின் ஊடுதெரிதலைத் தொடாது. அதை அந்த மென்பொருளுக்குள்ளேயேதான் போய் நிறுத்த வேண்டும். இதைச் சொல்வது, ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதும் நின்றுவிட்டது என்று இருந்துவிடாமல் இருக்கத்தான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்டின் சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. சனத்தின் சான்றிதழ்களை வைத்திருக்கிற மெஷின் அதில் ஓடினால் அதைப் பற்றியும் முதலாளியோடு கதையுங்கள்.

இந்த நகரத்தில் தமிழில் ஒரு கடதாசி வேண்டுமென்றால் சனம் கந்தோருக்குப் போகுமுன் உங்களிடம்தான் வருகிறது. கந்தோரில் தமிழ் தெரிந்த ஆள் இருப்பாரோ இல்லையோ, உங்கள் கடையில் இருப்பார் என்ற நம்பிக்கையில் வருகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். இன்றைக்குக் கடை பூட்டுமுன் எழுந்து போய், வாடிக்கையாளர் இருக்கிற கதிரையில் ஒருக்கா இருந்து உங்கள் திரையைப் பாருங்கள். அங்கிருந்து மற்றொருவருடைய பெயரோ இலக்கமோ வாசிக்க முடிந்தால், அந்தக் குறிப்பை அப்போதே அழித்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கதிரைக்குத் திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு மெய்யெழுத்தின் புள்ளி அதனுடையதா, அடியில் இருக்கும் வரியினுடையதா என்று ஒரு கணமேனும் தயங்கினால், பட்டையை இழுத்து 255இல் விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைகளுக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு மொழிபெயர்ப்பாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06